கொல்லாம்பழத்தில் காடி

மாசி பிறந்தால் திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கொல்லாமரம், அதாவது முந்திரி, பழுக்கத் தொடங்கிவிடும். பங்குனியிலும் சித்திரையிலும் மரத்தடி முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பழம் கிடக்கும். ஆனால் காசு கொட்டைக்குத்தான். பொறுக்க வருபவர்கள் கொட்டையைத் திருகிச் சாக்கில் போட்டுக்கொண்டு பழத்தை அங்கேயே வீசிவிட்டுப் போவார்கள். அதை ஆடு தின்னும், மிச்சம் வெயிலில் அழுகி ஈ மொய்க்கும். இந்தச் செம்மணல் நம் மாவட்டத்தோடு நிற்பதில்லை. சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழித்தேரி என்று தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. 1986-ல் பிரிக்கும்வரை எல்லாம் ஒரே திருநெல்வேலிச் சீமைதானே. கொல்லாம்பழத்தை மண்ணில் விடும் பழக்கமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பழத்தின் மேலும் குறை இருக்கிறது. பறித்த மறுநாளே கசங்கி நீர் விட்டுவிடும், சந்தைக்குப் போய்ச் சேராது. கடித்தால் முதலில் இனிப்பு, அப்புறம் நாக்கு தடித்துத் தொண்டை கரகரக்கும். சாறு வேட்டியில் பட்டால் அந்த வேட்டி அதோடு சரி. சின்ன வயதில் உப்புத் தொட்டுத் தின்றவர்கள்கூட வளர்ந்தபின் தொடுவதில்லை. ஆரஞ்சில் இருப்பதைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி இதில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், "அப்படியா" என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய் ஆரஞ்சு வாங்குவார்கள்.

காடி, அதாவது வினிகர், போடுவதற்காக நான் கூடை கூடையாக இதை வாங்க ஆரம்பித்தபோது, கொட்டை பொறுக்க வரும் அக்கா ஒருத்தி, "ஆடு திங்குத பழத்தக் காசு குடுத்து வாங்குத ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான் தம்பி" என்றாள். காசை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டுதான் சொன்னாள்.

இந்த வேலைக்கு என்னை இழுத்துவிட்டது என் மச்சினன். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட் பக்கம் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறான். அந்த வட்டாரமும் சாமர்செட்டும் ஆப்பிள் சைடருக்குப் பேர்போனவை. நொதித்த ஆப்பிள் சாறுதான் சைடர்; பீர் அளவுக்கோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ போதை இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சேர்ந்து இவனும் இலையுதிர் காலத்தில் ஆப்பிளை நசுக்கிச் சாறு பிழிந்து, கண்ணாடிக் குடுவையில் அடைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பான். வீடியோவில் கூப்பிட்டுக் குடுவையைக் காட்டுவான். ஒருநாள், "அத்தான், நல்ல சைடருக்கு இங்க திங்குற ஆப்பிள் ஆகாது. கடிச்சா வாய் ஒட்டிக்கிடுத ஆப்பிள்தான் வேணும்" என்றான். எனக்கு உடனே கொல்லாம்பழ ஞாபகம்தான் வந்தது.

அவன் சொன்னது அங்கே நெடுநாளாகத் தெரிந்த சங்கதி. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்ற ஊரில் 1903-ல் சைடருக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அங்கே ஆப்பிள்களைத் துவர்ப்பையும் புளிப்பையும் வைத்து நான்காகப் பிரித்தார்கள். துவர்ப்புச் சத்தான டேனின் 0.2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துவர்ப்பு வகை, அமிலம் 0.45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் புளிப்பு வகை. இரண்டும் கூடுவதையும் குறைவதையும் பொறுத்து நான்கு வகை. டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் என்று அவர்கள் கொண்டாடும் ஆப்பிள்களைப் பச்சையாகத் தின்ன யாரும் விரும்ப மாட்டார்கள். துவர்ப்புதான் சாற்றுக்கு உடம்பு கொடுக்கிறது. இனிப்பு மட்டும் உள்ள சாறு நொதித்து முடிந்தால் தண்ணீர் மாதிரி நிற்கும்.

சரி, இங்கே சைடர் போடலாமா என்றால், கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பனங்கள்ளே 1987-லிருந்து தடையில் இருக்கும்போது வீட்டில் பழச்சாற்றை மதுவாக்கிப் பாட்டிலில் அடைப்பது குற்றம். கோவாவில் இதே பழத்தைக் காய்ச்சி ஃபெனி என்று விற்கிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடும் 2009-ல் வாங்கிவிட்டார்கள். அது அவர்கள் சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம் வெக்கையும் சைடரை நிற்க விடாது. மச்சினன் ஊரில் பத்துப் பதினைந்து டிகிரியில் மெல்ல நொதித்து, குளிர்காலம் முழுக்கத் தெளியும் சாறு, இங்கே சித்திரையில் ஒரு வாரத்தில் பொங்கி முடிந்துவிடும். கொஞ்சம் காற்றுப் பட்டால் புளிக்கும். அவர்கள் எதைத் தடுக்கப் பாடுபடுகிறார்களோ அது இங்கே தானாக நடக்கிறது. அதனால் நான் போடுவது காடி. ஆனால் சைடர்க்காரர்கள் பழத்திலும் சாற்றிலும் காட்டும் கவனம் அத்தனையும் காடிக்கும் வேண்டும். பழச்சாறு எப்படியும் புளித்துவிடும். குடித்துப் பார்த்தால் பழவாசனை வரும் காடி வேண்டுமானால் அதற்கான வேலை முழுவதும் புளிக்கத் தொடங்கும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

பழத்தில் இருந்து வருகிறேன். விடிகாலையில் விழுந்த பழம் மட்டும்தான் எனக்கு. முதல்நாள் விழுந்து வெயிலில் வெந்ததை எடுப்பதில்லை. பழுத்தது தானாக விழும். கம்பால் தட்டி விழுந்ததில் பாதி செங்காயாக இருக்கும், துவர்ப்பு தாங்காது. சிவப்பு நல்லதா மஞ்சள் நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் மஞ்சளில் சாறு கூடுதல், சிவப்பில் வாசனை கூடுதல். கலந்தே போடுகிறேன்.

கொட்டையைத் திருகும்போது கவனம் வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் பொள்ளிவிடும், பழத்தில் பட்டால் சாறு முழுக்கக் காரலாகும். கத்தியால் வெட்டி எடுக்கப் போய் ஓட்டைக் கீறிவிட வேண்டாம். விரலால் பிடித்து ஒரு திருகு, வந்துவிடும். கொட்டை ஒட்டியிருந்த அந்தக் காம்புத் தசையையும் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

அப்புறம் இரும்பு. தேரி மணல் சிவந்திருப்பதே இரும்புச் சத்தால்தான், அதனால் பழத்தைப் பலமுறை அலசுகிறோம். அதைவிட முக்கியம் அரிவாள்மணை. துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதும் மை செய்த வழியே அதுதான். இரும்பு அரிவாள்மணையில் அரிந்த பழத்தின் வெட்டுமுகம் சற்று நேரத்தில் நீலம் பாய்ந்த கறுப்பாகிவிடும். எவர்சில்வர் கத்தியில் அரிந்தால் அந்தத் தொல்லை இல்லை. போர் தண்ணீரில் இரும்பு கலந்து வரும் வீடுகளில் கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். பித்தளை, செம்பு, அலுமினியம் மூன்றையும் இந்த வேலை முடியும்வரை அடுக்களைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

சாறு பிழிவது சுலபம். பழம் முழுக்கத் தண்ணீர்தான். துண்டுபோட்டுக் கையால் கசக்கித் துணியில் கட்டித் தொங்கவிட்டாலே ஒரு கிலோவுக்கு அரை லிட்டருக்கு மேல் இறங்கும். மிக்ஸியில் அடித்தால் இன்னும் கொஞ்சம் வரும், ஆனால் நாரும் துவர்ப்பும் சேர்ந்து வரும். நான் கையோடு நிறுத்திக்கொள்கிறேன். என் மனைவி உறை மாட்டிக்கொண்டு பிழிவாள். எனக்கு உறை ஒத்து வராது, சீசன் முடியும்வரை நகக்கண் பழுப்பாகவே இருக்கும்.

இனித்தான் பெரிய வேலை, துவர்ப்பை இறக்குவது. முழுவதையும் எடுக்கக்கூடாது, மச்சினன் சொன்ன அந்த உடம்பு போய்விடும். ஒன்றும் எடுக்காமல் விட்டால் காடி தொண்டையைப் பிடிக்கும். நம் வீடுகளில் இருக்கும் மருந்து கஞ்சிதான். லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கண்ணாடியாகும்வரை காய்ச்சி, ஆறியதும் சாற்றில் ஊற்றிக் கலக்கி அசையாமல் வைக்க வேண்டும். துவர்ப்புச் சத்து மாவில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும்.

இதைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒருமுறை செய்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் சாறு கலங்கிய மோர் நிறத்தில் இருக்கும். கஞ்சி ஊற்றிச் சற்று நேரத்தில் உள்ளே சின்னச் சின்ன நூலாம்படை திரளும். அது ஒன்றோடொன்று சேர்ந்து பஞ்சுப் பொதியாகி மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கும். மேலே ஒரு விரல்கடை அளவுக்கு மஞ்சள் தெளிவு பிரியும். அந்தத் தெளிவு நேரம் போகப் போகக் கீழ்நோக்கி வளரும். ராத்திரி வைத்தால் காலையில் அடியில் மண்டியும் மேலே தேன்நிறச் சாறுமாக நிற்கும்.

இந்த ராத்திரிதான் நம் ஊரில் சிக்கல். வெளியே வைத்தால் தெளிவதற்குள் நொதித்துவிடும். குமிழி எழும்பினால் படிந்த மண்டியையும் தூக்கிக்கொண்டு மேலே வரும். அதனால் சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் தெளிய விடுகிறேன். பெட்டியில் இடமில்லாத அளவுக்குப் பிழிந்தால், பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மிதக்கவிட்டு, நடுவில் சாற்றுப் பாத்திரத்தை இறக்கிவிடலாம். தெளிந்ததை மேலாக ரப்பர் குழாய் வைத்து இறுத்துக்கொள்ள வேண்டும். சாய்த்து ஊற்றினால் மண்டி கலங்கிவிடும். மிஞ்சும் மண்டியை ஆட்டுக்குத் தண்ணீரில் கலந்து வைத்தால் போட்டி போட்டுக் குடிக்கும்.

தெளிந்த சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதென்று பார்க்க மச்சினன் ஒரு ஹைட்ரோமீட்டர் கொண்டுவந்து கொடுத்தான். கண்ணாடிக் குழல், அடியில் கனம், கழுத்தில் அளவு. சுத்தத் தண்ணீரில் 1.000 காட்டும், இனிப்பு கூடினால் மேலே மிதந்து அளவும் கூடும். இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கருவியை 20 டிகிரிக்கோ அதற்கும் கீழேயோதான் அளந்து செய்திருப்பார்கள். சித்திரை மதியம் நம் வீட்டுத் தண்ணீரே 35 டிகிரி இருக்கும். அதில் விட்டால் 1.000 காட்டாமல் 0.996 பக்கம் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். சூட்டில் தண்ணீர் இளகி நிற்கிறது, அவ்வளவுதான். வரும் அளவோடு 0.004 கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். அல்லது குளிர்ந்த சாற்றை அறைச்சூட்டுக்கு வரும் வழியில் 20 டிகிரியில் பிடித்து அளக்கலாம்.

கொல்லாம்பழச் சாறு எனக்குப் பெரும்பாலும் 1.040-க்கும் 1.048-க்கும் நடுவில் நிற்கிறது. அது போதும். அந்தச் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 5 சதவீதத்துக்குச் சற்று மேலே ஆல்கஹால். அது காடியானால் ஏறக்குறைய அதே அளவு அமிலம். நடுவில் ஆவியாகிப் போவது போக 4 சதவீதத்துக்குக் குறையாமல் கிடைக்கும். கோடைமழை பெய்த வாரத்தில் பொறுக்கிய பழத்தில் சாறு நீர்த்திருக்கும். அப்போது மட்டும் லிட்டருக்கு 13 கிராம் சீனி போட்டால் 0.005 ஏறும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஆல்கஹால் கூடிப்போனால் காடிக் கிருமி வேலை செய்யாமல் படுத்துக்கொள்ளும்.

சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி போட்டால் என்ன என்று கேட்காத ஆளில்லை. உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே கிடைக்கும்போது கேட்கத்தான் செய்வார்கள். போட்டுப் பார்த்தாயிற்று. கருப்பட்டி பதநீரில் காய்ச்சுவது. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பில் கொஞ்சம் கருப்பட்டியோடு வந்து சாற்றின் புளிப்பைத் தின்றுவிடும். வாசனையும் கருப்பட்டியினுடையதாகவே இருக்கும். தனிக் கருப்பட்டிக் காடி வேண்டுமென்றால் அது நல்ல சரக்குதான், ஆனால் கொல்லாம்பழம் அதில் காணாமல் போய்விடும்.

நொதிப்பதற்கு ஈஸ்ட் போடலாம், போடாமலும் விடலாம். பழத்தோலிலேயே இருப்பது வேலையைத் தொடங்கிவிடும், ஆனால் அது எந்தப் பக்கம் போகுமென்று சொல்ல முடியாது. பேக்கரி ஈஸ்ட் வேகமாகப் பொங்கும், ரொட்டி வாசனை விடும், அடியில் இறுகிப் படியாது. இசி-1118 என்று பாக்கெட்டில் வரும் ஈஸ்ட் அடக்கமாக வேலை செய்யும், 30 டிகிரிவரை தாங்கும். அந்த 30-க்குள் வைப்பதுதான் பாடு. குடுவையை ஈரச் சாக்கால் சுற்றித் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, காற்று வரும் பக்கம் வைத்தால் சில டிகிரி இறங்கும். உவரி, நவ்வலடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் சாக்கு காயாது, குளிர்ச்சியும் குறைவுதான். அங்கே ஐஸ் பாட்டில்தான் கை கொடுக்கும். சூடு கூடினால் நொதிப்பு சீக்கிரம் முடியும். ஆனால் பழவாசனை குமிழியோடு குமிழியாக வெளியே போய்விடும், அழுகிய முட்டை வாடையும் வரலாம்.

குடுவையை இறுக்கி மூடாதீர்கள். மூடியில் துளையிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டால் உள்ளிருந்து வாயு வெளியேறும், காற்று உள்ளே போகாது. இறுக மூடிய கண்ணாடி வெடிக்கும். குமிழி அடங்கி, ஹைட்ரோமீட்டர் 1.000-க்கு வந்ததும் மண்டியை விட்டுத் தெளிவை இறுத்து, அன்றைக்கே பழைய காடியைக் கலந்துவிடுகிறேன். நாலு பங்குக்கு ஒரு பங்கு. கலந்தபின் அதை யாரும் குடிக்க நினைக்க மாட்டார்கள், சட்டத்துக்கும் நல்லது. கெட்ட கிருமி நுழைய முடியாத புளிப்பும் உடனே வந்துவிடும்.

பழைய காடிக்கு எங்கே போவது? மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பெரும்பாலானவை தண்ணீரில் அசெட்டிக் அமிலம் கலந்தவை. லேபிளைப் பாருங்கள், 'சிந்தெட்டிக்' என்று போட்டிருக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. அதில் உயிர் கிடையாது. ஆப்பிள் சைடர் வினிகர் என்று பெரிய கடைகளில் விற்பதில், அடியில் மங்கலாக ஏதோ மிதக்கும் வடிகட்டாத வகை வேண்டும். சூடுபடுத்தாதது என்று போட்டிருந்தால் இன்னும் நிச்சயம். முதல்முறை அதை வாங்கினால் போதும். அடுத்த வருஷத்துக்கு நம் ஜாடியிலேயே இருக்கும்.

இரண்டாம் கட்டத்துக்கு எல்லாம் தலைகீழ். இதுவரை காற்றைத் தடுத்தோம், இனி காற்று வேண்டும். ஆல்கஹாலைக் காடியாக்குவது ஒரு கிருமி என்று 1860-களில் லூயி பாஸ்டர் விளக்கினார். அது மேற்பரப்பில் இருந்து காற்றை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. அதனால் வாய் அகன்ற பீங்கான் ஊறுகாய் ஜாடி நல்லது. முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். வாய்க்குப் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். கொசுவலைத் துணி ஆகாது, பழ ஈ அதன் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அந்த ஈக்குக் காடி வாசனை எங்கிருந்தாலும் தெரியும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் காடி ஊற்றி ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு வைத்தால் அதில் விழுந்து சாகும். ஆனி, ஆடிக் காற்றில் தேரி மணல் வீட்டுக்குள் வரும் ஊர்களில் ஜாடியை உள்ளறையில் வைப்பது நல்லது.

சில நாளில் மேலே ஆடை படியும். இதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பயந்து கொட்டிவிடுகிறார்கள். மூன்று விதமாக வரும். வழவழப்பாக, முதலில் கண்ணாடித்தாள் கனத்தில் தொடங்கி நாளாக ஆகக் கெட்டியாகும் ஆடைதான் காடித் தாய். கரண்டியால் தொட்டால் ஒரே படலமாக அசையும். வெள்ளை மாவு தூவினாற்போல் சுருக்கம் சுருக்கமாக, தொட்டதும் பொடிந்து போவது ஒருவகைக் காட்டு ஈஸ்ட். ஆபத்தில்லை, வாடைதான் பிடிக்காது. அதை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பழைய காடி ஊற்றினால் அடங்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ ரோமம் வைத்து வந்தால் அது பூஞ்சணம். உள்ளே இருப்பது அத்தனையையும் கொட்டிவிட்டு, ஜாடியை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டியதுதான்.

தாய் படிந்தபின் ஜாடியை நகர்த்தவே கூடாது. ஆடை மூழ்கினால் கிருமிக்குக் காற்றுப் போய்விடும், மேலே புதிதாகப் படிந்து வர நாளாகும். ருசி பார்க்க ஒரு ஸ்ட்ராவை ஓரமாக இறக்கி எடுப்பேன். நடுவில் ஒரு கட்டத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை வரும். அது காடி பாதி வழியில் இருக்கும்போது வருவது. காற்று நன்றாகக் கிடைத்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். இந்தக் கட்டத்துக்கு நம் வெக்கை வசதிதான், 25-லிருந்து 30 டிகிரி இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். உச்சி வெயில் ஏறும் மச்சு அறை மட்டும் ஆகாது.

எவ்வளவு புளித்திருக்கிறது என்பதை நாக்கு சொல்லாது. துவர்ப்பு உள்ள காடி எப்போதும் உள்ளதைவிடக் காட்டமாகத் தோன்றும். பிஎச் தாளும் உதவாது. அது அமிலத்தின் தன்மையைக் காட்டுமே தவிர அளவைக் காட்டாது. பாளையங்கோட்டையில் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் எனக்கு அமிலத்தை அளக்கும் டைட்ரேஷன் செய்யச் சொல்லிக்கொடுத்தார். பிளஸ் டூவில் எல்லோரும் செய்தது, வாழ்க்கையில் திரும்ப வருமென்று யாரும் நினைக்காதது. ஒரு மில்லி காடியைப் பிப்பெட்டில் எடுத்துக் கொஞ்சம் வாலைவடிநீரில் விட்டு, நிறம் காட்டும் பினாஃப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் பூத்துக் குடுவையை ஆட்டியதும் மறையும். முடிவு நெருங்க நெருங்க மறைய நேரமெடுக்கும். அரை நிமிஷம் நிறம் நின்றால் நிறுத்த வேண்டும். "அவசரப்படாதிய, கடைசி அரை மில்லியிலதான் எல்லாரும் கோட்டை விடுதாவ" என்றார் அண்ணாச்சி. இறங்கிய மில்லியை 0.6-ஆல் பெருக்கினால் அமிலம் எத்தனை சதவீதமென்று வந்துவிடும். 7 மில்லி இறங்கினால் 4.2.

உணவுப் பாதுகாப்பு விதியில் நொதித்துச் செய்த காடிக்குக் குறைந்தபட்சம் 3.75 சதவீதம் வேண்டும். ஊறுகாய் போட 4-க்குக் கீழே நான் எடுப்பதில்லை. அளவு தெரியாத காடியில் காய்கறியை ஊறப்போட்டு மாதக்கணக்கில் வெளியே வைப்பது நல்லதல்ல. அளக்க வழியில்லாதவர்கள் வீட்டுக் காடியைச் சமையலுக்கும் சாலட்டுக்கும் வைத்துக்கொண்டு, ஊறுகாய்க்குக் கடைக்காடியே வாங்கலாம்.

அளவு ஏறி நின்றுவிட்டால் ஜாடியில் விட்டுவைக்கவும் கூடாது. ஆல்கஹால் தீர்ந்ததும் சில கிருமிகள் காடியையே தின்னத் தொடங்கும், புளிப்பு இறங்கிவிடும். அதனால் தாயை வேறு ஜாடிக்கு மாற்றிவிட்டு, காடியை இறுத்துக் கழுத்துவரை நிரப்பிக் கண்ணாடிப் பாட்டிலில் அடைக்க வேண்டும். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகர மூடி அரிக்கும். கொஞ்ச காலம் வைத்தால் மிச்சத் துவர்ப்பும் மெதுவாகப் படிந்து அடியில் மெல்லிய வண்டல் நிற்கும். மேலாக இன்னொருமுறை இறுத்தால் நிறம் நல்ல செம்பொன்னாகத் தெளியும். ரொம்ப நாள் வைக்கிற பாட்டிலை மட்டும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளே 65 டிகிரி வந்து சில நிமிஷம் இருக்கவிட்டு எடுக்கிறேன். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குட்டித் தாய் ஒன்று வளரும். அதனால் கெடுதல் இல்லை, கொடுத்த வீட்டில்தான் "உள்ள என்னமோ கெடக்கு" என்று போன் வரும்.

எதற்கு ஆகும்? சாளை மீனைப் பொரிக்கும் முன் மிளகாய்த்தூளோடு இதில் கொஞ்சம் விட்டுப் பிசறினால் கவிச்சி போய்விடும். சின்ன வெங்காயத்தை உரித்து, பச்சை மிளகாய், உப்பு, இந்தக் காடி சேர்த்து ஊறவைத்தால் கஞ்சிக்கு அதுவே போதும். புளிக்குழம்பில் புளிக்குப் பதில் ஊற்றிப் பார்த்தவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்கவில்லை. புளியின் கனம் வேறு. வெறும் வயிற்றில் குடித்தால் உடம்பு மெலியும், சர்க்கரை போகும் என்று கேட்டு வருபவர்களிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. காடியை அப்படியே குடித்தால் பல் எனாமல் அரிக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விற்கலாமே என்று மச்சினன் ஓயாமல் சொல்கிறான். விற்க வேண்டுமானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். லேபிள், தேதி, அமில அளவு எல்லாம் சரியாகப் போட வேண்டும். நடுவில் ஆல்கஹாலாக நிற்கும் கட்டம் இருப்பதால், பெரிய அளவில் செய்கிறவர்கள் கலால் விதிகளையும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு அவ்வளவு தெம்பில்லை. தாய் மட்டும் வேண்டுமென்று வருபவர்களுக்கு மாசியில் கொஞ்சம் பிய்த்துக் கொடுக்கிறேன். கண்ணாடிப் பாட்டில் கொண்டுவாருங்கள், தாய் மூழ்கும் அளவுக்குக் காடியும் சேர்த்து ஊற்றித் தருகிறேன். மூடியை இறுக்காமல் துணி கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.